பெயர் கேட்காத செடி

குளிருக்காக மாதுளை மரங்களை மண்ணில் புதைத்த அந்த நவம்பர் காலையில், குவா ஊர்த் தோட்டத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்குப் பெரியவர் அப்துமுத்தால். அவர் மனைவி ஷராஃபத். அவர்கள் மகன், புது மாப்பிள்ளை முஸ்ராப். சுவரை ஒட்டிய வீட்டுக்காரர் கோஸிபாய், தன் சொந்த மண்வெட்டியோடு. கணவன் போன பிறகு தெருக்கோடியில் தனியாக வசிப்பதாகப் பேர், ஆனால் ஒரு பொழுதுகூடத் தனியாக இருந்து யாரும் பார்த்திராத, அப்துமுத்தாலின் தங்கை ரிசாலத். மூன்று வாரத்துக்கு முன் நமங்கானிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த மருமகள் ஹுல்கர், தேநீர்க் கூஜாவோடு. ஏழாவதாகவும் ஒன்று நின்றது என்று ரிசாலத் பிற்பாடு தெருவெல்லாம் சொன்னாள். அது ஆளில்லை, செடி.

செடி என்றுகூடச் சொல்ல முடியாது. இடுப்புக்கு மேல் உயரமாக, சாம்பல் நிறத்தில், இலை ஒன்றும் இல்லாமல், ஒரே அடியிலிருந்து ஏழெட்டுக் குச்சிகள். கல்யாணத்தன்று பெட்டி, மெத்தைகள், பீங்கான் பாத்திரங்களோடு சாக்கில் சுற்றி வண்டியிலிருந்து இறங்கியது. சம்பந்தி இசாமிதீன் நமங்கான் நகரப் பூங்காவில் பூச்செடிகளுக்குப் பொறுப்பாளர். அந்த ஊர்க்காரர்கள் பூவைப் பற்றிப் பேசினால் அடுத்த வேளைத் தொழுகை வந்துதான் நிறுத்த வேண்டும். இசாமிதீன் சாக்கை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்து, "எங்க வீட்டுப் பொண்ணு எங்க போனாலும் கூட ஒரு செடி போகும் சம்பந்தி. இது அவ பிறந்த வருஷம் வெச்சதுல இருந்து எடுத்த கன்னு. குவாக்காரருக்கு நான் செடி பேரு வேற சொல்லணுமா என்ன?" என்றார்.

"தேவையே இல்ல," என்றார் அப்துமுத்தால்.

அந்த இரண்டு வார்த்தைதான். முப்பத்தோரு வருஷம் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டவர் அவர். யாருக்கு எத்தனை மணிக்கு மடை திறக்கும் என்று ஊர் அவரிடம் வந்து கேட்கும். அவர் யாரிடமும் போய் எதையும் கேட்டதில்லை. கல்யாணப் பந்தலில், இரு வீட்டார் முன்னால், குவாவில் பிறந்து எழுபத்திரண்டு வயது வரை மண்ணோடு கிடந்த மனிதன் "இது என்ன செடி?" என்று கேட்பதா? கேட்கவில்லை. வீட்டின் முன்வாசலுக்கு நேரே, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் நட்டார். அன்றிலிருந்து அந்தக் குச்சிகளைக் கடக்கும்போதெல்லாம் அவருக்குக் கழுத்தின் பின்புறம் சூடேறியது.

மாதுளைகளைப் புதைப்பதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. சின்ன வயதிலிருந்தே ஒரு பக்கம் சாய்த்து வளர்த்தவை; கயிற்றால் கட்டி மிதித்தால் பழகிய மாடு மாதிரி படுத்துக்கொள்ளும். மேலே மண்ணை ஏற்றி, சோளத்தட்டையைப் பரப்பிவிட்டால் மார்ச் வரைக்கும் கவலை இல்லை. மதியத்துக்குள் பதினோரு மரங்களும் பதினோரு மேடுகளாகிவிட்டன. அப்புறம் எல்லோரும், யாரும் கூப்பிடாமலேயே, முன்வாசல் செடியைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"இது லைலாக் அண்ணே," என்றார் கோஸிபாய். "எங்க வீட்டுல நிக்குதே, அதேதான். அதுக்குக் குளிரெல்லாம் தென்றல் காத்து. சும்மா விடுங்க."

அப்துமுத்தால் குனிந்து ஒரு கிளையை விரல்களுக்கிடையே திருப்பிப் பார்த்தார். "உன் லைலாக்ல மொட்டு எதிரும் புதிருமா, ஜோடி ஜோடியா இருக்கும். இதுல ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. அதுவும் மொட்டா மருவான்னே தெரியல. கண்ணு இருக்கா உனக்கு?"

"அப்ப ரோஜா," என்றாள் ரிசாலத்.

"முள்ளு எங்க?"

"முள்ளில்லாத ரோஜா வந்திருக்காம். தாஷ்கண்ட்ல பார்த்தேன்."

"தாஷ்கண்ட்ல நீ பார்க்காதது என்ன இருக்கு? போன தடவை ரெண்டு தலை ஆட்டுக்குட்டி பார்த்துட்டு வந்த."

முஸ்ராப் மண்வெட்டியில் சாய்ந்து நின்றபடி, "அப்பா, மாமாவுக்கு ஒரு போன் போட்டா ஒரு நிமிஷத்துல—" என்று ஆரம்பித்தான். அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டான்.

கூஜாவோடு நின்ற ஹுல்கரின் உதடு பிரிந்தது. அதை அப்துமுத்தால் பார்த்தார். ஷராஃபத்தும் பார்த்தாள், பார்த்து, புருவத்தை ஒரு நூலளவு உயர்த்தினாள். உதடு மூடிக்கொண்டது. வந்து மூன்று வாரம் ஆன மருமகள், கேட்காத இடத்தில், அதுவும் அண்டை வீட்டு ஆண் நிற்கும்போது வாய் திறப்பதில்லை. காலையில் வாசலில் நின்று மூன்று முறை குனிந்து சலாம் சொல்வாள். கிண்ணத்தில் பாதி அளவு தேநீர் ஊற்றி, இடது கையை நெஞ்சில் வைத்து நீட்டுவாள். அதற்கு மேல் மாமனாரும் அவளும் பேசிக்கொண்டது இதுவரை எதுவும் இல்லை. பெண்ணை நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று அவர் அதற்காகவே இசாமிதீனை மெச்சியிருந்தார்.

முள் இல்லை. ஆகவே ரோஜா இல்லை, மாதுளையும் இல்லை. பட்டை உரியவில்லை. ஆகவே மல்லிகை என்று தெருவில் சொல்லும் அந்த வெள்ளைப் பூச்செடியும் இல்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, கடைசியில் மிஞ்சியது ஒன்றுமில்லை என்பதுதான் அவர் எரிச்சல். செடி எதுவென்று தெரியாதபோது குவாவில் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். "புதை," என்றார். "மண்ணுக்குள்ள போனது எதுவும் குளிர்ல சாகாது."

கட்டினார்கள். மிதித்தார்கள். அது படுக்கவில்லை. மாதுளை மாதிரி எந்தப் பக்கமும் சாய்ந்து பழகாத செடி; ஏழெட்டுக் குச்சிகளும் சேர்ந்து நேராகவே நின்றன. "அடம் புடிச்ச சாதி," என்று கோஸிபாய் சிரித்தார். அப்துமுத்தால் தானே குனிந்து, தோளை வைத்து அழுத்தினார். டப்பென்று ஒரு சத்தம். ஒரு கிளை அடியோடு பிளந்து தொங்கியது. ஹுல்கர் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு, வைத்ததை மறந்தவள் போல மறுபடி எடுத்தாள்.

"மண்ணைப் போடுங்க," என்றார் அவர்.

பன்னிரண்டாவது மேடு முன்வாசலில் எழுந்தது. பார்க்க யாரையோ அடக்கம் செய்த சின்னக் கபர் மாதிரியே இருந்தது. ரிசாலத் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் பார்வைக்கு மற்றவர்கள் பயந்த மாதிரி அவள் பயந்தவள் இல்லை, சொல்லியேவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் கொடுமையாக இருந்தது. வாய்க்கால் உறைந்தது, குழாய் வெடித்தது, கோஸிபாயின் கோழிகளில் நான்கு காலையில் கல்லாகக் கிடந்தன. அப்துமுத்தாலுக்கு உள்ளூர ஒரு திருப்தி. புதைத்தது சரி. வெளியே விட்டிருந்தால் போயிருக்கும். புத்தாண்டன்று இசாமிதீன் முஸ்ராப்பின் போனில் வந்து, மகளைக் கேட்டு, குளிரைக் கேட்டு, கடைசியில், "நம்ம செடி எப்படி சம்பந்தி?" என்றார்.

"தூங்குது," என்றார் அப்துமுத்தால்.

"தூங்கட்டும், தூங்கட்டும். அதுக்குத் தூக்கம்தான் முக்கியம்," என்று அவர் சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இவருக்கு விளங்கவில்லை.

மார்ச் கடைசியில் மேடுகளைத் திறந்தார்கள். மாதுளைகள் எழுந்து நின்றன. வாதுமையும் ஆப்ரிகாட்டும் பூத்து உதிர்ந்தன. ஏப்ரல் பாதியில் மாதுளைக் கிளைகளில் சிவப்புச் சிவப்பாகக் கொழுந்து வந்துவிட்டது. சுவருக்கு அந்தப்பக்கம் கோஸிபாயின் லைலாக் ஊதாக் கொத்தாக வெடித்து, அதன் வாசனை அனுமதி கேட்காமல் இந்தப் பக்கம் விழுந்தது. முன்வாசல் செடி மட்டும் போன நவம்பரில் எப்படி நின்றதோ அப்படியே, ஒரு கிளை குறைவாக நின்றது. அடிப்பக்கம் ஈரத்தில் கறுத்துப் பூஞ்சை வேறு பிடித்திருந்தது.

நகத்தால் பட்டையைக் கீறினால் தெரிந்துவிடும். உள்ளே பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் விறகு. குவாவில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். அப்துமுத்தால் கீறவில்லை. கீறாதவரைக்கும் செடி செத்ததாகாது. கோஸிபாய் ஒருநாள் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு போனபோது, "என் வீட்டுச் செடியில நகம் வைக்காதே," என்று போட்ட சத்தத்தில் தெருவில் போன சைக்கிள் நின்றது.

சும்மா இருந்திருந்தால் போதும், ஆனால் யார் சும்மா இருந்தார்கள்? ஒருத்தர் ஆட்டுச்சாணம் போடு என்றார். ஒருத்தர் வெந்நீர் ஊற்று என்றார். பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர் சலாம் கொடுத்துத் திரும்பின கையோடு, "அந்தச் செடி துளிர்த்துச்சா?" என்று கேட்டார். தொழுகைக்கு இடையிலும் மனசு அதிலேயே இருந்திருக்கிறது! அவருக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல் தந்தது அந்த அக்கறைதான். கேலி செய்தால் பதில் சொல்லலாம். அக்கறைக்கு என்ன பதில்?

பிறகு அக்கறை திசை மாறியது. ரொட்டி அடுப்பருகே ரிசாலத் ஷராஃபத்திடம் சொல்வது ஜன்னல் வழியாக அவர் காதில் விழுந்தது. "நான் சொல்லலை அண்ணி, ஊர் சொல்லுது. பொண்ணோட வந்த செடி பட்டுப்போச்சாம். அவளுக்கும் ஆறு மாசமாச்சு, வயித்துல ஒண்ணுமில்ல. அவங்க அப்பன் மே முதல் ஞாயிறு வர்றாரு. வாசல்லயே குச்சியப் பார்ப்பாரு. என்ன சொல்லுவீங்க?"

ஷராஃபத் ரொட்டியை அடுப்புச் சுவரில் அறைந்தது மட்டும் கேட்டது.

அன்றிலிருந்து அவர் மருமகளைக் கவனித்தார். காலை சலாம் மூன்று முறை, தவறாமல். கிண்ணம், பாதித் தேநீர், நெஞ்சில் கை. ஆனால் வாசல் கூட்டும்போது செடிப் பக்கம் மட்டும் துடைப்பம் மெதுவாகப் போயிற்று. கன்னம் ஒடுங்கியிருந்தது. அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லோரும் போனபோது தலைவலி என்று இருந்துவிட்டாள். செடி போனால் போகட்டும், வாய்க்கால் கரையில் எத்தனையோ மரம் பட்டுப்போனதைப் பார்த்தவர் அவர். ஆனால் தன் வாசலுக்கு வந்த பெண்ணைத் தெரு ராசி பார்க்கிறது. ராசி பார்க்கும்படி ஒரு குச்சியை நட்டு, புதைத்து, முறித்து வைத்தது அவரேதான். இதை நினைக்க நினைக்க இசாமிதீன்மீதுதான் கோபம் வந்தது. பேரைச் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன!

ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை கோஸிபாய் கோடரியோடு வந்தார். பின்னால் ரிசாலத்.

"என்ன இது?" என்றார் அப்துமுத்தால்.

"மிரட்டப் போறோம் அண்ணா," என்றாள் ரிசாலத். "நம்ம அப்பா அந்த மஞ்சள் பேரிக்காய் மரத்தை மிரட்டலையா? அடுத்த வருஷம் கிளை முறியக் காய்ச்சுதே!"

"அது காய்க்காத மரத்துக்குச் செய்யறது. பூச்செடிய மிரட்டி எவனாவது பார்த்திருக்கியா?"

"செடிக்கு என்ன தெரியும், தான் பூவா காயான்னு? கோடரின்னா எல்லாத்துக்கும் பயம்தான்."

வழக்கம் என்னவோ பழையது. ஒருவர் கோடரியை ஓங்கி, "வெட்டட்டுமா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். மரத்துக்கு உரியவர் குறுக்கே வந்து, "வேண்டாம், இந்த வருஷம் பலன் தரும், நான் ஜாமீன்," என்று மன்றாட வேண்டும். மூன்றாவது தடவைக்குள் யாரும் வராவிட்டால் கோடரி இறங்கியே ஆக வேண்டும். வெறும் மிரட்டல் என்று ஒரு மரத்துக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் ஊரில் எந்த மரமும் பயப்படாது என்பார்கள்.

சத்தம் கேட்டு ஷராஃபத்தும் ஹுல்கரும் வாசலுக்கு வந்தார்கள். வாயிற்கதவு திறந்திருந்ததால் தெருவில் போன இரண்டு பெண்களும் நின்றார்கள். கோஸிபாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கோடரியை ஓங்கினார்.

"ஏ செடி! உன்னை வெச்சு என்ன பிரயோஜனம்? வெட்டட்டுமா?"

ரிசாலத் அண்ணனின் முழங்கையை இடித்தாள். "சொல்லுங்க அண்ணா."

"ஒரு குச்சிக்கு முன்னால நின்னு நான் கெஞ்சணுமா?"

"குச்சின்னு சொல்லாதீங்க, அதுக்குக் கேக்கும்!"

"வெட்டட்டுமா?" இரண்டாவது முறை. கோஸிபாய்க்கு அறுபத்தைந்து வயது. ஓங்கிய கோடரி மெல்லச் சாய ஆரம்பித்தது. "அண்ணே, சீக்கிரம். தோள்பட்டை புடிக்குது."

"இறக்கு அதை. உன் வயசுக்கு இது தேவையா?"

"இப்ப இறக்கினா செடி மேலதான் இறக்கணும் அண்ணே! அதான் முறை!"

"ஒரு வார்த்தைங்க," என்றாள் ஷராஃபத் தாழ்ந்த குரலில். "உங்க வாயில இருந்து ஒரே ஒரு வார்த்தை."

அப்துமுத்தால் நிமிர்ந்து நின்றார். தெருப் பெண்கள் இரண்டு பேர் நான்கு பேராகியிருந்தார்கள். தன் வாசலில், கோமாளிக்கூத்தில், கெஞ்சுகிற பாத்திரம் தனக்கு. நாக்கு எழவில்லை. அகந்தைதான் என்று ஷராஃபத் பிறகு சொன்னாள். இருக்கலாம். ஜாமீன் நின்று, அதன் பிறகும் செடி துளிர்க்காவிட்டால் என்கிற பயமும் இருந்தது. அதை அவள் அறியமாட்டாள்.

"வெட்டட்டு—"

"வேண்டாம்."

எல்லோரும் திரும்பினார்கள். ஹுல்கர் படியிறங்கி வந்து செடிக்கும் கோடரிக்கும் நடுவில் நின்றாள். தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல், ஆனால் தெருவரை கேட்கும் குரலில் சொன்னாள். "செடி என்னோட வந்தது. நான் ஜாமீன். மூணு வாரம் தவணை கொடுங்க. அதுக்குள்ள இலை விடும். ஆடி அசைஞ்சுதான் எழுந்திருக்கும், ஆனா எழுந்திருக்கும்."

கோஸிபாய் கோடரியைக் கீழே போட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஷராஃபத் ஓடிப்போய் வாயிற்கதவைச் சாத்தினாள்.

அப்துமுத்தாலுக்குத் தலையில் தங்கியது ஒன்றே ஒன்று. மூன்று வாரம். வேண்டுதல் வைக்கிறவர்கள் அல்லா விட்ட வழி என்பார்கள். இவள் மடை திறக்கும் நேரம் சொல்கிற மாதிரி நாள் சொல்கிறாள்.

மாலையில் தோட்டத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஹுல்கர் தேநீர் கொண்டு வந்தாள். கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார். போ என்று தலையசைக்கவில்லை. அவளும் போகவில்லை. மாதுளைகளைப் பார்த்தபடியே, அவற்றிடம் கேட்பது போல, அவர் கேட்டார்:

"அது என்ன செடி?"

"செம்பருத்தி, மாமா. பனியில நிக்கிற சாதி."

"பனியில நிக்குமா?"

"நிக்கும். எங்க வீட்டுல வெளியிலதான் நிக்குது, மைனஸ் இருபது டிகிரி குளிர்லயும். அடியில கொஞ்சம் சருகு போட்டா போதும். எல்லாச் செடியும் எழுந்த பிறகு கடைசியாத்தான் எழுந்திருக்கும். எங்கம்மா அதுக்குச் சோம்பேறின்னு பேரு வெச்சிருக்காங்க. வருஷா வருஷம் யாராவது செத்துப்போச்சுன்னு வெட்டப் பார்ப்பாங்க."

அவர் கிண்ணத்தை எடுத்து ஒரு மிடறு குடித்தார். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையான எல்லாக் கவலையும், சாணமும், வெந்நீரும், பள்ளிவாசலும் வரிசையாக வந்து போயின.

"ஏம்மா, இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே, மாமா."

அதற்கு என்ன செய்ய முடியும்? பெண்ணை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார்கள். எழுந்தார். முன்வாசலுக்கு நடந்தார், அவள் நான்கடி பின்னால் வந்தாள். ஒரு கிளையைப் பிடித்தார். கட்டைவிரல் நகத்தை வைத்தார். எடுத்தார்.

"நீயே பாரு," என்றார்.

அவள் கீறினாள். பட்டை மயிரிழை அளவு விலகியது. உள்ளே ஈரமான பச்சை.

மே முதல் ஞாயிறு இசாமிதீன் வந்தபோது கிளைகளின் கணுக்களில் கடுகளவு பச்சைப் புள்ளிகள் இருந்தன, தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும். அவர் மகளைக்கூடப் பார்க்காமல் நேராகச் செடிமுன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிளந்த கிளையின் வடுவைப் பார்த்தார். அடியில் கறுப்பு வளையம் பார்த்தார். பக்கத்தில் இன்னும் முழுக்கக் கலைக்காத மண்ணைப் பார்த்தார்.

"புதைச்சீங்களாக்கும்?"

"ஆமா," என்றார் அப்துமுத்தால்.

இசாமிதீனின் மீசைக்குள் ஏதோ புறப்பட்டது. "குவாக்காரங்க இருக்காங்களே, விட்டா மின்கம்பத்தையும் குளிருக்குப் புதைப்பாங்க—"

"டீ ஆறுது, சம்பந்தி."

ஜூலையில் அது பூத்தது. உள்ளங்கை அகலத்தில் வெள்ளை, நடுவில் மட்டும் ரத்தச் சிவப்பு. காலையில் விரியும் பூ சாயங்காலம் குடையை மடக்கிய மாதிரி சுருண்டு விழும். மறுநாள் வேறொன்று விரியும். விழுந்த சுருள்களை ஹுல்கர் காலையில் கூட்டுவாள். அந்தப் பக்கம் துடைப்பம் இப்போது மற்ற இடத்தில் போகிற வேகத்திலேயே போயிற்று. கடந்து போகும் பெண்கள் கதவருகே நின்று பேர் கேட்டார்கள், அவளே சொன்னாள். செடியின் முறிந்த பக்கத்தில் மட்டும் ஒரு இடைவெளி. அதன் வழியாகத் தெரு தெரிந்தது.

தெருவில் இரண்டு கதைகள் உலவின. கோடரிக்குப் பயந்துதான் பூத்தது என்பது ஒன்று; அதைக் கோஸிபாயே சொல்லிக்கொண்டிருந்ததால் யாரும் மறுக்கவில்லை. மற்றது சாய்க்கானா தேநீர்க்கடையில் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் உட்கார்ந்திருப்பது தெரியாமல் தூண் மறைவிலிருந்து வந்தது. முத்தால் அண்ணன் கடைசியில் வேற வழியில்லாம சம்பந்திக்குப் போன் போட்டாராம், மன்னிப்புக் கேட்டு, செடி பேரு கேட்டாராம், அவரு சொன்ன வைத்தியத்துலதான் பிழைச்சுதாம்.

அப்துமுத்தால் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எழுந்து, தூணைச் சுற்றி வந்து, பேசியவர்கள் முன்னால் நின்றார்.

"நமங்கானுக்கு யாரும் போன் பண்ணல," என்றார். "எங்க வீட்டுப் பொண்ணைக் கேட்டேன். சொன்னா."